மருத்துவமனை ஊழியர்கள் மன அழுத்தத்தை எப்படித் தாங்குகிறார்கள்?

வலியையும் சாவையும் தினமும் பார்த்துக்கொண்டு எப்படி இந்த வேலையில் இருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சாவு மனதைப் பிசையத்தான் செய்யும். ஆனாலும் அடுத்த டூட்டிக்கு வந்துவிடுகிறோம். வேலைக்கு வரவே கால் எழாமல் செய்வது, எங்களோடு வேலை பார்ப்பவர்களின் கடுஞ்சொல்தான்.

ஒருநாள் ரவுண்ட்ஸில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வரவில்லை. லேபிலிருந்தே வரவில்லை. ஆனால் பெரிய டாக்டர், புதிதாகச் சேர்ந்த ஒரு நர்ஸை நோயாளிகள் முன்னால் வைத்து "படிச்சுத்தான் வந்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று இரவு ஒரு அம்மாவுக்கு பிரஷர் இறங்கிக்கொண்டே வருகிறது. அந்தப் பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டு டூட்டி டாக்டரைக் கூப்பிடத் தயங்கி நிற்கிறாள், மறுபடி திட்டு விழுமோ என்று. பக்கத்து வார்டில் இருந்த சீனியர் அக்கா வந்து பார்த்து, போனை வாங்கி அவரே பேசினார். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

கடுஞ்சொல் சிகிச்சையைக் கெடுக்குமா என்று இஸ்ரேலில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2015-ல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவைச் சேர்ந்த 24 குழுக்களுக்குப் பயிற்சிப் பொம்மையை வைத்து சிகிச்சை செய்யச் சொன்னார்கள். சில குழுக்களிடம் மட்டும், வெளிநாட்டு நிபுணராக வந்தவர் இஸ்ரேல் மருத்துவத்தை மட்டம் தட்டிப் பேசினார். அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சையிலும் பின்தங்கின. தெரிந்ததைப் பகிர்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோனது. போனைப் பிடித்தபடி நின்ற அந்தப் பெண்ணுக்கு நடந்ததும் இதேதான்.

வெளியாட்கள் எங்களைத் தாக்கினால் தமிழ்நாட்டின் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. உள்ளேயே ஒருவரை ஒருவர் நோகடிப்பதை மட்டும் "இங்கே எல்லாம் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது, வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை.

சரி, தாங்குவது எப்படி? எனக்குக் கைகொடுத்தது ஆட்கள்தான். நோயாளி இறந்த ஷிப்ட் முடிந்து அடுத்து வருபவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது, "செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சிருக்க, போய்த் தூங்கு" என்று சொல்லும் வார்டுப் பொறுப்பு நர்ஸ் (இன்சார்ஜ் சிஸ்டர்) ஒருவர் இருந்தால் போதும், மறுநாள் வந்துவிடலாம். நீங்கள் இந்த வேலைக்குப் புதுசு என்றால் அப்படி ஒருவரை முதல் மாதமே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் திட்டு விழுந்தாலும் பரவாயில்லை, கூப்பிட்டுவிடுங்கள்.

அப்புறம், மனதைத் திடப்படுத்திக்கொள்ளச் சொல்லும் வகுப்புகள். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி போதனா மருத்துவமனைப் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ் இருக்க வேண்டும். ஆனால் முப்பது நாற்பது பேரை ஒருத்தியே பார்க்கும் நைட் டூட்டிகள் உண்டு. அதை முடித்து வருபவளை உட்கார வைத்து யோகா சொல்லித் தருவதற்கு முன்னால், அந்த வார்டுக்கு இன்னொரு நர்ஸைப் போடுங்கள்.