குளச்சல் கடலும் சாளையும்: கேட்டவையும் சொன்னவையும்

முப்பது வருஷம் கரையில் நின்று மீன் அளந்தவன் நான். கடலையும், சாளை என்கிற மத்தி மீனையும் பற்றிக் கேளுங்கள். மீன்தொட்டி, இறால் பண்ணை வேண்டாம்.

கே: சார், ஆனி ஆடியில கடல் தண்ணி இப்படிக் குளிருதே, அதுக்கும் சாளைக்கும் சம்பந்தம் உண்டா?

ப: நிறையவே உண்டு. அந்த மாதங்களில் மேற்குக் கரையை ஒட்டிக் காற்று தெற்கு நோக்கி வீசும். பூமி சுழல்வதால் மேல்தண்ணீர் காற்றுக்கு வலப்பக்கமாக, அதாவது கரையைவிட்டு மேற்கே விலகும். அந்த இடத்தை நிரப்ப அடித்தண்ணீர் ஏறி வரும். அதில் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் அதிகம். வெளிச்சம் பட்டதும் டயட்டம் என்கிற நுண்பாசி பெருகித் தண்ணீர் பச்சையாகும். சாளை முட்டையிடுவதும் அப்போதுதான்; குஞ்சுக்குச் சோறு தயார். ஆனால் ஏறி வரும் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு. தரைமீனும் இறாலும் மூச்சு முட்டிக் கரைப்பக்கம் ஒதுங்கும். அன்றைக்கு வலை நிறைந்தால் கடல் செழித்துவிட்டது என்று எண்ணாதீர்கள். தப்பி ஓடிவந்த கூட்டம் அது.

கே: சேட்டிலைட் மீன் வரைபடம் பார்த்துப் போனேன், டீசல் காசுகூட தேறல.

ப: இன்காய்ஸ் என்கிற மத்திய அரசின் கடல் தகவல் மையம் தருவது மீனின் படம் இல்லை, தம்பி. மேல்தண்ணீரின் சூடும் பச்சையமும் மாறுகிற இடத்தைக் காட்டுகிறார்கள். மேகம் மூடினால் அதுவும் கிடையாது. நீங்கள் போய்ச் சேர்வதற்குள் நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுத்துக்கொண்டு போயிருக்கும். அவர்களே அலை எச்சரிக்கையும் தருகிறார்கள், முதலில் அதைப் பாருங்கள். கள்ளக்கடல், அதாவது எங்கோ தூரத்துக் காற்று கிளப்பிவிட்ட பேரலை, இங்கே காற்றே இல்லாத நாளிலும் ஏறும்.

கே: தங்கமீன் தொட்டியில்...

ப: முதல் பத்தி.

கே: நாளைக்கு மீன்பாடு எப்படி?

ப: தெரியாது.

கே: கடலூர்லேர்ந்து எழுதறேன். சாளை குறைஞ்சதுக்கு பசிபிக் கடல் சூடாகிற எல் நினோதான் காரணம்னா எங்க சுருக்குமடி வலைக்கு எதுக்குத் தடை?

ப: கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் சாளை பிடித்தார்கள். 2021இல் 3,297 டன். நடுவில் 2015-16 எல் நினோ வந்தது உண்மை. சுருக்குமடி இல்லாத 1940-களிலும் சாளை அற்றுப்போய், 1943இல் மெட்ராஸ் அரசு பிடிக்கக் கட்டுப்பாடு போட்டது. அதுவரைக்கும் உங்கள் கட்சிதான் நான். ஆனால் எண்ணிக்கை குறைந்த வருஷத்திலும் சாளை கூட்டமாகத்தான் திரியும். கூட்டத்தையே வளைக்கிற மடிக்குக் கடலின் பஞ்சம் தெரியாது. கடல் சரியாகும்போது முட்டையிடத் தாய்மீன் மிஞ்ச வேண்டாமா?

கே: உச்ச நீதிமன்றமே 2023ல அனுமதிச்சுதே?

ப: 12 கடல் மைலுக்கு வெளியே, திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாளை அவ்வளவு தூரத்திலா நிற்கிறது?

கே: நீங்க விசைப்படகு ஆளு!

ப: விசைப்படகுக்காரர்கள் என்னை உங்கள் ஆள் என்கிறார்கள். பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கேரளத்தில் தடை. அதை இங்கேயும் கொண்டுவரலாம் என்று சொன்னதற்கு இரண்டு பக்கமும் திட்டு வாங்கியவன் நான்.

கே: சார், நாளைக்கு மீன்பாடு?

ப: அலை எச்சரிக்கை பார்த்தீர்களா?