வாசகர் கேள்வி: முதலில் வெளிச்சம், அப்புறம் கேமரா

சென்ற இதழில் வந்த வேலூர் அன்றாடக் காட்சிப் படங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, அவற்றை எடுத்தவரே பதில் சொல்கிறார். காட்பாடி ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் பக்கம் பூக்கட்டும் அம்மாவின் படத்தில் முகம் தெளிவாக இருக்கிறது, விரல்கள் மட்டும் கலைந்திருக்கின்றன. கம்ப்யூட்டரில் செய்ததா சார்?
– வாசகி, குடியாத்தம்

இல்லைம்மா, கேமராவிலேயே வந்தது. பூக்கட்டுகிறவர்களைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தலை ஆடாது, தோள் ஆடாது. கண்கூடப் பூவில் இருக்காது, போகிற வருகிற ஆள் மேல்தான் இருக்கும். விரல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டம் படத்தில் விழ வேண்டும் என்று ஷட்டரை, அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விடுகிற நேரத்தை, 1/30 விநாடிக்கு இறக்கினேன். 1/250 வைத்திருந்தால் விரலும் உறைந்துபோய், அந்த அம்மா சும்மா பூவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆகியிருக்கும். அவருடைய வேலையே படத்தில் இருந்திருக்காது.

1/30-ல் நம் கை ஆடினால் எல்லாமே கலைந்துவிடும். அதனால் தரையில் உட்கார்ந்து, முதுகைக் கல்தூணில் சாய்த்து, முழங்கைகளை முட்டிமேல் ஊன்றி, மூச்சை மெதுவாக விடும்போது பட்டனை அழுத்தினேன். 50 எம்எம் லென்ஸ், எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 200 (வெளிச்சத்தை உணரும் அளவு). தரையில் உட்கார்ந்ததில் இன்னொரு லாபம், கேமரா அவர் கண் உயரத்துக்கு வந்துவிட்டது. நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலையும் கூடையும்தான் விழும்.

"இன்னா தம்பி, பூ வாங்காம போட்டா மட்டும் புடிக்கிற?" என்று கேட்டார். இரண்டு முழம் கனகாம்பரம் வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வாழைநாரை நனைத்து வைத்திருந்த தட்டு, மல்லியையும் மரிக்கொழுந்தையும் மாற்றி மாற்றி அவர் அடுக்குகிற கணக்கு எல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டன. வாடிக்கை ஆள் ஒருவர் வந்து பேச்சுக் கொடுத்ததும் அந்த அம்மா என்னை மறந்துவிட்டார். நீங்கள் பார்த்தது அப்போது எடுத்த படம். போனில் இதைச் செய்ய, கேமராவில் 'ப்ரோ' என்று இருக்கிறதா பாருங்கள். அதில் ஷட்டரை நாமே வைக்கலாம்.

என் பாட்டியை வாசலில் நிறுத்தி எடுத்தால் கண் இருக்கிற இடமே கறுப்பாக விழுகிறது. நல்ல வெயிலில்தான் எடுக்கிறேன்.
– வாசகர், ஆற்காடு

அந்த நல்ல வெயில்தான் காரணம் தம்பி. நம் ஊர் உச்சிவெயில் தலைக்கு நேர்மேலே இருந்து இறங்குகிறது. புருவத்தின் நிழல் கண்குழியில் விழுகிறது, மூக்கின் நிழல் உதட்டில் விழுகிறது. கத்திரி நாளில் கேட்கவே வேண்டாம்.

பாட்டியைத் திண்ணைக்குக் கூட்டிப் போங்கள். நிழல் முடிந்து வெயில் தொடங்குகிற கோடு இருக்குமே, அதற்கு ஒரு முழம் உள்ளே, தெருவைப் பார்த்து உட்கார வையுங்கள். வெயில் பட்ட தெருவும் எதிர்வீட்டுச் சுவரும் வெளிச்சத்தைத் திருப்பி அவர் முகத்துக்கு அனுப்பும். சுருக்கம் ஒவ்வொன்றும் மென்மையாகத் தெரியும், கண்ணுக்குள் ஒரு சின்ன ஒளிப்பொட்டு விழும். அந்தப் பொட்டு இருந்தால்தான் படத்தில் இருப்பவர் நம்மைப் பார்க்கிறார். எதிரே சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவராக இருந்தால் அதைவிட உயர்ந்த விளக்கு கிடையாது. பச்சை பெயின்ட் அடித்த சுவரோ நீலத் தார்ப்பாயோ இருந்தால் அந்தச் சாயமும் கன்னத்தில் ஏறிவிடும், இடத்தை மாற்றுங்கள்.

பிரியாணி அண்டாவைத் திறக்கும்போது எடுத்தேன். அவ்வளவு ஆவி வந்தது, படத்தில் ஒன்றுமே இல்லை.
– வாசகர், ஆம்பூர்

உங்கள் முதுகுப் பக்கமிருந்து வெளிச்சம் வந்திருக்கும், பின்னால் வெள்ளைச் சுவரும் இருந்திருக்கும். ஆவி என்பது நுண்ணிய நீர்த்துளிகள். வெளிச்சம் அதற்குப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலோ வர வேண்டும், பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். கடைவாசல் வெளிச்சம் அண்டாவுக்குப் பக்கவாட்டில் வருகிற மாதிரி உள்ளே போய் நின்று, புகை படிந்த சுவரைப் பின்னால் வையுங்கள். தம் உடைக்கிற முதல் சில விநாடிகள்தான் கணக்கு. மாஸ்டரிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

அப்பாவின் வெள்ளை வேட்டி சாம்பலாக விழுகிறது. எருமையை எடுத்தால் அதுவும் வெளுத்துப் போகிறது. கேமரா கெட்டுவிட்டதா?
– வாசகி, திருப்பத்தூர்

கேமரா நன்றாகவே இருக்கிறது. அதற்கு வேட்டி எது, எருமை எது என்று தெரியாது. எதிரே என்ன இருந்தாலும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வேட்டி படச்சட்டம் முழுக்க நிறைந்தால் வெளிச்சத்தைக் கூட்டுங்கள், எருமை நிறைந்தால் குறையுங்கள். போனில் திரையைத் தொட்டதும் பக்கத்தில் ஒரு சூரியக் குறி வரும், அதை மேலே கீழே தள்ளலாம். அப்பா மாநிறமோ கறுப்போ என்றால் முகத்தைத் தொட்டு வெளிச்சம் வையுங்கள், பிறகு வேட்டி மடிப்புகள் திரும்பத் தெரிகிற வரை கொஞ்சம் கீழே இறக்குங்கள். நம் மக்களின் நிறத்தை வெளுப்பாக்கித் தருகிற 'பியூட்டி' வசதியை அணைத்துவிடுங்கள். இதை மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன். வெயிலில் உழைத்த முகத்துக்கு அது செய்கிற அநியாயம் எனக்குப் பொறுக்கவில்லை.

தெருவில் முன்பின் தெரியாதவர்களை எடுக்கலாமா?
– வாசகர், வாணியம்பாடி

கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் இயல்பு கெடும் என்று தோன்றினால், எடுத்த உடனே காட்டுங்கள். வேண்டாம் என்று தலையசைத்தால் அவர் கண்முன்னாலேயே அழித்துவிடுங்கள். பிடித்திருந்தால் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கிறவர்களை நான் எடுப்பதே இல்லை. வேலூருக்கு எங்கெங்கிருந்தோ நோயாளியோடு வருகிறார்கள், அவர்கள் கவலை நமக்குப் படமாக வேண்டாம்.

தாத்தா எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் பரணில் தகரப்பெட்டியில் இருக்கின்றன. ஓரத்தில் 'இந்து' என்று இருக்கிறது. எப்படிக் காப்பாற்றுவது?
– வாசகி, வாலாஜாபேட்டை

ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த பிலிம் அது. 1960-ல் தொடங்கிய அரசு நிறுவனம். இந்தச் செய்தியைப் படித்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா!

இன்றைக்கே பரணிலிருந்து இறக்குங்கள். ஓடு காய்கிற சூடு பிலிமுக்கு எமன். திறந்ததும் வினிகர் மாதிரிப் புளிப்பு வாடை அடிக்கிற சுருளைத் தனியே எடுத்து வையுங்கள். அது பிலிம் சிதையத் தொடங்கியதன் அடையாளம், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். ஓரத்தை மட்டும் பிடியுங்கள், படத்தின் மேல் விரல் படக்கூடாது. பிளாஸ்டிக் கவரை விட்டுவிட்டு அமிலம் இல்லாத வெள்ளைக் காகித உறையில் ஒவ்வொரு துண்டாகப் போட்டு, வீட்டிலேயே குளுமையான, ஈரம் இல்லாத அலமாரியில் வையுங்கள்.

படமாகப் பார்க்க ஒரு போனில் வெறும் வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, அதற்கு இரண்டு விரற்கடை மேலே நெகட்டிவைத் தாங்கிப் பிடித்து, இன்னொரு போனால் எடுங்கள். திரையில் ஒட்டி வைத்தால் அதன் புள்ளிகளும் சேர்ந்து விழும். அறை விளக்கை அணைத்துக்கொள்ளுங்கள். எடுத்ததை நிறம் தலைகீழாக்கும் ஆப்பில் போட்டால் தாத்தா பார்த்த வாலாஜா வந்துவிடும். யார், எந்தத் தெரு என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, காகித உறையின் மேல் பென்சிலால் எழுதிவிடுங்கள். உறைக்குள் நெகட்டிவைப் போடுவதற்கு முன்னாலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் பென்சில் அழுத்தம் படத்தில் பதியும்.