"அரசு அனுமதி இருக்கு" என்றால் எதற்கு? கடல் எண்ணெய் மேடைக்கு வேலைக்குப் போகும் முன்

கேள்வி: என் மகன் பைப் ஃபிட்டர். மும்பைக் கடலில் உள்ள எண்ணெய் மேடையில் ஒப்பந்த வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். "எல்லா அரசு அனுமதியும் இருக்கு, பயப்படாதீங்க" என்கிறார் ஏஜென்ட். அந்த அனுமதியைக் கொடுப்பது யார்? அதை நம்பி அனுப்பலாமா?

பதில்: ஏஜென்ட்டிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள். மகன் இரவில் படுக்கப்போவது எங்கே? மேடையிலேயேவா, பக்கத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் பார்ஜிலா (தட்டையான மிதவைக் கப்பல்)? பதிலைப் பொறுத்து, பொறுப்பேற்கும் அரசு அமைப்பே மாறிவிடும்.

உற்பத்தி மேடையும் துளையிடும் ரிக்கும் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு (கடல்சார் பணிகளில் பாதுகாப்பு) விதிகள், 2008-இன் கீழ் வருகின்றன. மேற்பார்வை செய்வது எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம். 1986-இல் தொடங்கியது; தொழிலில் ஓ.ஐ.எஸ்.டி. என்றால்தான் தெரியும். ஏஜென்ட் சொல்லும் "அனுமதி" பெரும்பாலும் இவர்கள் தரும் இசைவுதான். பார்ஜும் பணிக் கப்பலும் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் பொறுப்பு. ஏற்றிப்போகும் ஹெலிகாப்டர் டி.ஜி.சி.ஏ.வின், அதாவது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் பொறுப்பு. ஆக, மேடைக்கு வாங்கிய இசைவு பார்ஜுக்குச் செல்லாது.

இது வெறும் காகித வேறுபாடு அல்ல. 2021 மே 17 அன்று டவ்தே புயலில் பி-305 என்ற தங்கும் பார்ஜ் நங்கூரம் அறுந்து, அலையில் அடித்துப்போய், ஆளில்லாத மேடை ஒன்றில் மோதி மூழ்கியது. அதில் 261 பேர் இருந்தார்கள். 70 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பார்ஜுக்குச் சொந்த இன்ஜின் கிடையாது. இழுவைப் படகு வந்து இழுத்தால்தான் நகரும். புயல் எச்சரிக்கை பல நாள் முன்பே வந்திருந்தது. ஆகவே பார்ஜ் என்றால் இவற்றைக் கேளுங்கள்: சொந்த இன்ஜின் உண்டா? இல்லையென்றால் இழுவைப் படகு எப்போதும் பக்கத்திலேயே நிற்குமா? புயல் எச்சரிக்கை வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் கரைக்குக் கொண்டுவருவார்கள், அதை முடிவு செய்வது யார்? காற்றடைக்கும் உயிர்காப்புத் தெப்பங்களைக் கடைசியாகச் சோதித்த தேதி எது? மேற்குக் கடலில் தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கிவிடும். மே மாதக் கடைசி வரை "இன்னும் ஒரு வாரம்" என்று இழுக்கும் வேலையில்தான் ஆபத்து அதிகம்.

மேடையில் தங்குவதாக இருந்தாலும் கப்பலை மறக்க முடியாது. 2005 ஜூலை 27 அன்று மும்பை ஹை வடக்கு மேடைக்கு ஒரு பணிக் கப்பல் நெருங்கி வந்தது. கப்பலின் சமையல்காரருக்கு விரலில் காயம். மழைக்கால வானிலையில் ஹெலிகாப்டர் வர முடியாததால் அவரை மேடைக்கு மாற்றப் பார்த்தார்கள். கப்பலின் ஹெலிகாப்டர் தளம் மேடையின் ரைசரில், அதாவது வாயுவைக் கொண்டுசெல்லும் செங்குத்துக் குழாயில், இடித்தது. வாயு கசிந்து தீப்பற்றியது. இரண்டு மணி நேரத்துக்குள் மேடையே சரிந்தது. 384 பேரில் 22 பேர் உயிரிழந்தார்கள். மேடையைச் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வளையம் இருப்பது இதற்காகத்தான். கடல் கொந்தளிக்கும்போது, இன்ஜின் கோளாறுள்ள கப்பலை, ரைசர் இருக்கும் பக்கமாக அதற்குள் விடவே கூடாது.

இனி உங்கள் மகன் செய்யும் வேலைக்கு வருகிறேன். பைப் ஃபிட்டருக்கு உயிர் காப்பது பெர்மிட்தான், அதாவது ஒவ்வொரு வேலையையும் தொடங்கும் முன் மேடையில் எழுதித் தரும் வேலை அனுமதிச் சீட்டு. ஓ.ஐ.எஸ்.டி.யின் 105-ஆம் தரநிலை இதற்கென்றே இருக்கிறது. ஆனால் தணிக்கைக் குழு சில நாள் வந்து பார்த்துவிட்டுப் போகும். ராத்திரி ஷிப்டில் பெர்மிட்டைப் பார்க்க வேண்டியவர் உங்கள் மகனேதான். ஃபிளாஞ்சை, அதாவது இரண்டு குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் வளையத்தை, தளர்த்தும் முன், அந்த லைனில் அழுத்தம் பூஜ்யமா, வால்வு பூட்டப்பட்டு டேக் மாட்டியிருக்கிறதா, கழிவு வழி திறந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வால்வு மூடியிருந்தாலும் கசியலாம். பெரிய வேலை என்றால் இடையில் குழாயை முழுதாக அடைக்கும் பிளைண்டு தகடு போடச் சொல்லிக் கேட்க வேண்டும். வெல்டிங் என்றால் காற்றில் உள்ள எரிவாயுவை அளக்கும் மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். தொட்டிக்குள் இறங்கினால் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. காலையில் எடுத்த அளவு மதியத்துக்குச் செல்லாது. உணவு இடைவேளை முடிந்து வந்தால் மறுபடி அளக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஷிப்ட் மாறும் நேரம் ஆபத்தானது. 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடையில் நடந்தது இதுதான். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு தகட்டைத் தற்காலிகமாகப் பொருத்தியிருந்தார்கள். அது அடுத்த ஷிப்டுக்குத் தெரியவில்லை. இன்னொரு பம்ப் நின்றதும் இதை ஓட்டினார்கள். தகடு பொருத்திய இடத்தில் கசிந்து வெடித்தது. 167 பேர் மாண்டார்கள். அதன்பின் பிரிட்டன், உற்பத்தியை வளர்க்கும் எரிசக்தித் துறையிடமிருந்து பாதுகாப்பு மேற்பார்வையை எடுத்துத் தனி அமைப்பிடம் கொடுத்தது. 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளையிடும் ரிக் வெடித்து 11 பேர் இறந்தபின் அமெரிக்காவும், அதே துறைக்குள்தான் என்றாலும், பாதுகாப்பு மேற்பார்வையைத் தனி அமைப்பாகப் பிரித்தது. இந்தியாவில் ஓ.ஐ.எஸ்.டி. இன்னும் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழேயே இருக்கிறது. எண்ணெயைக் கூட்டச் சொல்லும் அமைச்சகமே பாதுகாப்பையும் கண்காணிப்பது சரியல்ல. இதை மாற்றியே ஆக வேண்டும்.

சான்றிதழ்களில் முக்கியமானது, கடலில் விழும் ஹெலிகாப்டரிலிருந்து தப்பும் பயிற்சி. நீச்சல் குளத்தில், கவிழும் கூண்டுக்குள் உட்கார வைத்துப் பழக்குவார்கள். ஓபிட்டோ (கடல் எண்ணெய்த் தொழிலுக்கான பன்னாட்டுப் பயிற்சித் தர அமைப்பு) முறைப் பயிற்சி என்றால் 4 ஆண்டு செல்லும். "பயிற்சி வேண்டாம், சான்றிதழ் வாங்கித் தருகிறோம்" என்று ஏஜென்ட் சொன்னால் அந்த வேலையே வேண்டாம்.

மகன் கிளம்பும் முன் மேடையின் பெயர், பார்ஜின் பெயர், அதன் தகுதிச் சான்று முடியும் தேதி, முதன்மை நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுத்தில் வாங்கி வீட்டில் வையுங்கள். இடம் சேர்ந்த அன்றே தன் மஸ்டர் இடத்தையும் (ஆபத்தில் எல்லாரும் கூட வேண்டிய இடம்), படுக்கையிலிருந்து அங்கே போக இரண்டு வழிகளையும் நடந்து பார்த்துவிட்டு உங்களுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.