ஆடு மேய்க்காத பெண்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை நான்கு வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. என் மகளுக்கு 19 வயது. கல்லூரியில் படிக்கிறாள், மாடலிங் போகப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நல்ல உயரம், நல்ல கறுப்பு. "இந்த நிறத்துக்கு யார் கூப்பிடுவார்கள்" என்று அவள் அப்பா கேட்டுவிட, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவளைத் தேற்ற, உலகப் புகழ்பெற்ற மாடல் இமானின் கதையைச் சொன்னேன். சோமாலியாவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த, எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணை ஓர் அமெரிக்கப் புகைப்படக்காரர் கண்டெடுத்து உலகத்துக்கே காட்டினார் இல்லையா? அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்குமா? பாடகர் டேவிட் போவியைக் கல்யாணம் செய்துகொண்டதால்தான் அவர் பெயர் நிலைத்ததா? அழகைக் காட்டிச் சம்பாதிப்பதெல்லாம் ஒரு தொழிலா? மகளை அனுப்பலாமா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

போவி விஷயத்தை முதலில் தள்ளிவிடுகிறேன். அவர்கள் கல்யாணம் 1992-ல். இமான் மாடலிங்கை விட்டது 1989-ல். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அது ஒரு தொழிலா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை, கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கேள்வி.

ஆனால் அந்த ஆடு! அதை எங்கே பிடித்தீர்கள்? ஐம்பது வருடத்துக்கு முன் ஓர் ஆள் அவிழ்த்துவிட்ட பொய், இன்னும் திருச்சியில் ஒரு வீட்டுக்குள் மேய்ந்துகொண்டிருக்கிறது. பெற்ற மகளிடம் சொல்வதற்கு முன் ஐந்து நிமிடம் தேடிப் பார்க்கக் கூடாதா?

இமான் 1955-ல் மொகதிஷுவில் பிறந்தவர். வைத்த பெயர் ஸாரா, தாத்தாதான் இமான் என்று மாற்றினார். அப்பா தூதர், சவூதி அரேபியாவுக்கான சோமாலியத் தூதராக இருந்தவர். அம்மா மகப்பேறு மருத்துவர். சின்ன வயதிலேயே எகிப்தில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். 1969-ல் சோமாலியாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அதன் பின் அந்தக் குடும்பம் இருந்ததை எல்லாம் விட்டுவிட்டு கென்யாவுக்கு ஓட வேண்டி வந்தது. பெரிய வீட்டுப் பெண் ஒரே அடியில் அகதி. நைரோபி பல்கலைக்கழகத்தில் அரசியல் படித்தார், சோமாலி, அரபு, இத்தாலியன், ஆங்கிலம், பிரெஞ்சு என ஐந்து மொழி பேசுவார். உங்கள் "எழுதப் படிக்கத் தெரியாத பெண்" இவர்தான்.

1975-ல் நைரோபித் தெருவில் பீட்டர் பியர்டு என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் இவரைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வருகிறார். யாராவது உன்னைப் போட்டோ எடுத்திருக்கிறார்களா என்று கேட்கிறார். ஆப்பிரிக்கர்கள் கேமராவையே பார்த்ததில்லை என்று நினைக்கிறானா இந்த ஆள் என்று இவருக்குக் கோபம். சரி, எவ்வளவு வேண்டும் என்று அவர் கேட்க, இவர் தன் படிப்புக் கட்டணத்தைச் சொல்கிறார், 8,000 டாலர். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். கண்டெடுக்கப்பட்ட பெண் யாரும் இங்கே இல்லை. ஃபீஸ் கட்ட வேண்டிய ஒரு மாணவி நின்ற இடத்தில் பேரம் பேசியிருக்கிறாள்.

அந்த ஆண்டே நியூயார்க் போய் இறங்குகிறார். பத்திரிகையாளர்கள் கூடியிருக்கிறார்கள், பியர்டு ஏற்கெனவே கதை கட்டி வைத்திருக்கிறார்: காட்டுக்குள் கால்நடை மேய்த்துக்கொண்டிருந்தவள், ஆங்கிலம் தெரியாது. இமானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேள்விகள் பியர்டிடம் போகின்றன. இமான் கொஞ்ச காலம் அந்தக் கதையை ஓடவிட்டார், அப்புறம்தான் உடைத்தார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். இருபது வயது, தெரியாத ஊர்.

மேய்ப்பது மட்டமான தொழில் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். என் தாத்தா கிடை போட்டவர், நூறு ஆட்டில் ஒன்று தும்மினால் எதுவென்று இருட்டிலேயே சொல்வார். சோமாலியர்களுக்கு ஒட்டகமும் ஆடும்தான் சொத்து, கவிதை, கௌரவம் எல்லாமே. மேய்ப்பவள் என்றால் மண்டையில் ஒன்றும் இருக்காது என்பதுதான் அந்தப் பொய்யின் ஆதாரமே. அது இமானையும் அவமானப்படுத்துகிறது, மேய்ப்பவர்களையும் அவமானப்படுத்துகிறது.

உங்கள் கடிதத்தில் என்னைக் குத்தியது இன்னொரு வரி, உங்கள் கணவர் சொன்னது. போன வாரம்தான் அக்கா வீட்டு பீரோவில் அவள் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தேன், அதிலிருந்தே மனசில் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

1991-ல் நடந்த கல்யாணம். மேக்கப் போட டவுனிலிருந்து ஓர் அம்மாவை வரவழைத்திருந்தார்கள். அவர் தகரப் பெட்டியைத் திறந்தார், உள்ளே இருந்த அத்தனை டப்பாவும் ஒரே நிறம், ரோஸ் கலந்த வெள்ளை. அக்கா என்னைவிடக் கறுப்பு. அரை மணி நேரம் பூசினார். வெளியே வந்தபோது முகம் சாம்பல் நிறம், காதுக்குக் கீழே கோடு கிழித்தது போல, அதற்குக் கீழே அக்காவின் கழுத்து. சின்னப் பாட்டி பார்த்துவிட்டு, "என்னடி, பணியாரத்துக்கு மாவு பூசி வச்சிருக்கீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அக்கா கொல்லைப்புறக் குழாயில் போய்க் கழுவிவிட்டு வந்தாள், ஜாக்கெட் கழுத்து நனைந்துவிட்டது. அதற்குள் எடுத்த நாலு படம் ஆல்பத்தில் இருக்கிறது. யாருக்குக் காட்டினாலும் அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு தாளாகச் சேர்த்துப் புரட்டுவாள்.

இமானுக்கும் இதேதான் நடந்தது, அதுவும் 1976-ல், 'வோக்' ஃபேஷன் பத்திரிகைக்கு எடுத்த முதல் படத்தின்போது. மேக்கப் போடுபவர் கூட இருந்த வெள்ளைக்கார மாடலிடம் ஒன்றும் கேட்கவில்லை. இவரிடம் மட்டும், உன் ஃபவுண்டேஷனை, அதாவது முகத்தில் முதலில் பூசும் நிறப் பூச்சை, கொண்டு வந்திருக்கிறாயா என்று கேட்டார். அது என்னவென்றே இவருக்குத் தெரியாது. இருந்ததைப் போட்டார்கள், கண்ணாடியில் சாம்பல் முகம். அதற்குப் பிறகு இமான் கடைகடையாகப் போய்க் கிடைத்ததை வாங்கி, தானே கலந்து, உடனே படம் தரும் போலராய்டு கேமராவில் எடுத்துப் பார்த்து, தன் நிறத்தைத் தானே பிடித்தார். எந்தப் படப்பிடிப்புக்கும் அந்தக் கலவை கூடவே போகும். கூலியிலும் அப்படித்தான், வெள்ளைக்கார மாடலுக்கு என்ன தருகிறீர்களோ அதுதான் எனக்கும் என்று நின்றார். 1983-ல் குடித்துவிட்டு ஓட்டியவன் அவர் போன டாக்ஸியில் மோதி முகத்து எலும்புகள் நொறுங்கின, அதிலிருந்தும் எழுந்து வந்தார். 1994-ல் 'இமான் காஸ்மெடிக்ஸ்' தொடங்கினார். கறுப்புப் பெண்களோடு ஆசியப் பெண்களையும், அதாவது என் அக்காவையும் உங்கள் மகளையும், கணக்கில் வைத்துத் தொடங்கிய கம்பெனி.

போட்டோ ஃபிலிமே அப்படித்தான் இருந்தது, தெரியுமா? ஸ்டுடியோக்களில் நிறம் சரிபார்க்க ஃபிலிம் கம்பெனியான கோடாக் அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும், ஷெர்லி கார்டு என்பார்கள். அவள் முகம் சரியாக வந்தால் உலகமே சரி. பழுப்பு நிறம் ஒழுங்காக விழவில்லை என்று சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மர நாற்காலி விற்பவர்களும் புகார் செய்த பிறகுதான் ஃபிலிமைத் திருத்தினார்கள். மனிதர்களுக்காக அல்ல, நாற்காலிக்காக! இதை நான் மேடையில் சொல்லிச் சொல்லி நண்பர்கள் கேலி செய்யும் அளவுக்குப் போய்விட்டது, இருந்தாலும் சொல்வேன். அந்த மேக்கப் பெட்டியில் அக்காவின் நிறம் இல்லை என்பதுதான் குறை. எங்கள் வீட்டில் அதை அக்காவின் குறையாக்கிவிட்டோம். உங்கள் வீட்டில் இப்போது அதையே செய்கிறார் உங்கள் கணவர். அவருக்கு இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள், கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் இன்று எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்காதீர்கள். 2013-ல் இமானும் மாடல்களான நவோமி கேம்பெலும் பெத்தன் ஹார்டிசனும் சேர்ந்து நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் ஃபேஷன் அமைப்புகளுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது, மேடையில் கறுப்பு முகமே இல்லாமலோ ஒன்றே ஒன்றோடோ நடத்தியவர்களின் பெயர்களைப் போட்டு. பியர்டு பார்த்த நாளிலிருந்து 38 வருடம் கழித்து.

மகளை அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். 19 வயதுப் பெண்ணை நீங்கள் எங்கே அனுப்புவது, அவளாகப் போவாள். படிப்பை முடிக்கட்டும். ஒப்பந்தம் என்று யாராவது தாளை நீட்டினால் வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். முன்பணம் கட்டச் சொல்கிறவனை வாசலோடு அனுப்பட்டும். இன்று ராத்திரி சாப்பிடும்போது அந்த ஆட்டுக் கதையை வாபஸ் வாங்கிவிட்டு, 8,000 டாலர் கதையைச் சொல்லுங்கள்.