ஆறிய எஞ்சினைப் பார்த்த பிறகே அட்வான்ஸ்

கேள்வி: கொடுங்கையூரில் வசிக்கிறேன். மூலக்கடை பக்கம் ஒரு பழைய கார் விற்பனையாளரிடம் 2016ஆம் ஆண்டு பெட்ரோல் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். விலை 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். இரண்டு முறை போனபோதும், நான் வருவதற்கு முன்பே எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார்கள். டேஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் எஞ்சின் படம் எரிந்தது. கேட்டதற்கு, “வெறும் சென்சார்தான், டெலிவரிக்கு முன் அணைத்துத் தருகிறோம்” என்கிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். அவர்கள் ‘சரிசெய்து தருகிறோம்’ என்று சொல்லவில்லை, ‘அணைத்துத் தருகிறோம்’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பழுது அப்படியே இருக்க, விளக்கை மட்டும் அணைப்பது ஸ்கேனர் வைத்திருக்கும் எவருக்கும் இரண்டு நிமிட வேலை. பல கார்களில் பேட்டரி வயரைச் சிறிது நேரம் கழற்றி மாட்டினாலே அது அணைந்துவிடும். சில நாள் ஓடிய பிறகு, பணம் கைமாறி முடிந்த நிலையில், அதே விளக்கு மீண்டும் எரியும்.

அதைவிட எனக்குக் கவலை தருவது, இரண்டு முறையும் எஞ்சின் முன்பே சூடாக இருந்தது என்பதுதான். தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் பழைய காரின் பல நோய்கள், இரவு முழுவதும் நின்ற எஞ்சினை முதன்முறை ஸ்டார்ட் செய்யும் அந்த அரை நிமிடத்தில்தான் வெளிப்படுகின்றன. வால்வு சீல்கள் தேய்ந்திருந்தால் இரவில் கசிந்து இறங்கிய ஆயில் எரிந்து சைலன்சரில் நீலப்புகை வரும். எஞ்சின் சூடான பிறகு அது குறைந்து கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். டைமிங் செயின் தளர்ந்திருந்தால் முதல் சில விநாடிகள் கடகடவென்று சத்தம் கேட்கும். பேட்டரி பலவீனமாக இருந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கத் திணறும். ஆகவே மூன்றாவது முறை காலையில், கடை திறக்கும் நேரத்தில், முடிந்தால் சொல்லாமல் போங்கள். பானெட்டைத் திறந்து எஞ்சின் மீது கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அன்றைக்குத் திரும்பிவிடுங்கள்.

எஞ்சின் ஆறியிருந்தால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. சாவியை முழுதும் திருகாமல் ‘ஆன்’ நிலையில் நிறுத்துங்கள். அப்போது எச்சரிக்கை விளக்குகள் தாமாகவே எரிய வேண்டும். விளக்கு உயிருடன் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. ஏர்பேக் விளக்கும், ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும் சில விநாடிகளில் அணையும். ஆயில் குப்பி, பேட்டரி படங்கள் எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகே அணையும். எஞ்சின் படமும் பெரும்பாலான கார்களில் அப்படித்தான். ஏதாவது ஒரு விளக்கு இந்த நேரத்தில் எரியவே இல்லையென்றால், ‘குறை இல்லை’ என்று மகிழாதீர்கள். பல்பைக் கழற்றியிருக்கலாம், அல்லது அதன் மீது ஏதாவது ஒட்டி மறைத்திருக்கலாம். ஏர்பேக் விளக்கின் வயரை ஆயில் விளக்கோடு சேர்த்துவிடும் மோசடியும் உண்டு: இரண்டும் ஒரே கணத்தில் எரிந்து ஒரே கணத்தில் அணையும். அதனால் ஒவ்வொன்றும் எப்போது அணைகிறது என்பதையும் தனித்தனியாகக் கவனியுங்கள். ஒரு விதிவிலக்கு: கார்களுக்கு ஏபிஎஸ் 2019 ஏப்ரலிலும், ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையிலும்தான் முழுமையாகக் கட்டாயமாயின. நீங்கள் பார்த்த 2016ஆம் ஆண்டுக் கார் கீழ்நிலை வகையாக இருந்தால் அவை இல்லாமலே இருக்கலாம். எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, உங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கை ஸ்கேனருடன் அழைத்துச் செல்லுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் மாட்டினால், அந்த மஞ்சள் விளக்கு எந்தப் பழுதுக்காக எரிகிறது என்ற குறியீடு தெரியும். சில கார்களில் மூடி சரியாக இறுகாத பெட்ரோல் டேங்கும் அதே விளக்கை எரியவைக்கும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டுப்போனாலும் அதே விளக்குத்தான் எரியும். இரண்டுக்குமான செலவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விளக்கு எரியாத காரிலும் ஸ்கேன் செய்வது நல்லது. குறியீடுகளை அழித்த பிறகு கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதைப் பல ஸ்கேனர்கள் காட்டும். அந்த எண் 5 அல்லது 10 என்று இருந்தால், நீங்கள் வருவதற்குச் சற்று முன்தான் யாரோ அழித்திருக்கிறார்கள் என்று பொருள்.

குறியீடு சிறிய பழுதைக் காட்டி, காரும் பிடித்திருந்தால், விற்பனையாளர் செலவில் சரிசெய்து, சில நாள் ஓட்டி, மறுபடி ஸ்கேன் செய்த பிறகு வாங்கலாம். விற்பனை ஒப்பந்தத்தில் ‘எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, இன்ன பழுது சரிசெய்யப்பட்டது’ என்று எழுதி வாங்குங்கள்; வாய்ச்சொல்லை நம்பி நஷ்டப்பட்ட பலரின் கடிதங்கள் என்னிடம் வருகின்றன. உண்மையை மறைத்து விற்றார் என்று தெரியவந்தால், அவர் வியாபாரமாகச் செய்பவர் என்பதால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். தெரிந்தவர் தன் சொந்தக் காரை விற்றிருந்தால் இந்த வழி பெரும்பாலும் உதவாது.

கேள்வி: திருவொற்றியூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன், ஓய்வு பெற்றவன். அம்பாசிடர் ஓட்டிப் பழகியதால், இப்போதைய பெட்ரோல் காரையும் தினமும் காலையில் பத்து நிமிடம் ஓடவிட்டு, நீல நிற தெர்மாமீட்டர் விளக்கு அணைந்த பிறகே எடுக்கிறேன். தரைத்தளத்தில் இருப்பவர்கள் புகை என்று சண்டைக்கு வருகிறார்கள். பழக்கத்தை விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடலாம், இன்றே. அம்பாசிடருக்கு அது சரியான பழக்கம்தான். கார்புரேட்டரில் பெட்ரோல் குளிரில் சரியாக ஆவியாகாது. சோக் இழுத்துச் சூடேற்றினால்தான் வண்டி அடங்கி ஓடும். இப்போதைய காரில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்பதை, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் வெப்பத்தைப் பார்த்துக் கணினியே முடிவு செய்கிறது. சென்னையில் மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. நம் ஊர் எஞ்சினுக்கு ஆயில் மேலே ஏற சில விநாடிகளும், சத்தம் அடங்க அரை நிமிடமும் போதும். நீல விளக்கு அணையக் காத்திருக்க வேண்டியதில்லை. ‘எஞ்சின் இன்னும் ஆறியிருக்கிறது, மெதுவாக ஓட்டுங்கள்’ என்பதே அது சொல்லும் செய்தி.

நின்றபடி ஓடவிடுவதால் கேடும் உண்டு. ஆறிய எஞ்சினுக்குக் கணினி கூடுதல் பெட்ரோல் கொடுக்கிறது. அதில் எரியாத பகுதி சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவி, எஞ்சின் ஆயிலோடு கலக்கிறது. பிளக்கில் கரி படிகிறது. கியர்பாக்ஸும் சக்கர பேரிங்குகளும் ஓட்டினால்தான் சூடேறும். ஆகவே ஸ்டார்ட் செய்த அரை நிமிடத்தில் கிளம்பி, முதல் மூன்று நான்கு கிலோமீட்டருக்கு ஆக்சிலேட்டரை அழுத்தாமல் ஓட்டுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளை முந்துவதற்கு வேகமெடுப்பதை, எஞ்சின் சூடான பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் ஓட்டியும் நீல விளக்கு அணையாவிட்டால், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

உங்கள் கீழ்வீட்டார் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தூண்களுக்கு நடுவே உள்ள பார்க்கிங்கில் தேங்கும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் மணமும் கிடையாது, சன்னல் வழியே வீட்டுக்குள் போகும்.

கேள்வி: வியாசர்பாடியில் இருந்து டாக்சி ஓட்டுகிறேன். மதிய வெயிலில் சிக்னலில் நிற்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு லேசாக மினுக்குகிறது, வண்டி நகர்ந்தால் அணைந்துவிடுகிறது. காலையில் வருவதே இல்லை. சென்சாரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: அந்த வண்டியில் இனி சவாரி ஏற்றாதீர்கள். சிவப்பு ஆயில் குப்பி காட்டுவது ஆயிலின் அழுத்தம் குறைந்துவிட்டதை. அழுத்தம் இல்லாமல் ஓடினால் சில நிமிடங்களில் பேரிங்குகள் அழிந்து, எஞ்சின் சீஸ் ஆகி, அதாவது இறுகிச் சுற்றாமல் நின்றுவிடும். மினுக்கினாலும் அதே அபாயம்தான்.

காலையில் வராமல் மதியம் வருவதிலேயே காரணத்தின் தடயம் இருக்கிறது. ஆறிய ஆயில் கெட்டியாக இருப்பதால் அழுத்தம் நிற்கிறது. சூட்டில் இளகியதும், எஞ்சின் மெதுவாகச் சுற்றும் ஐடிலிங்கில் அழுத்தம் இறங்குகிறது. முதலில் டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியென்றால், கார் புத்தகத்தில் சொன்ன கிரேடுதான் ஊற்றப்பட்டதா என்று கேளுங்கள். அதுவும் சரியென்றால், சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானியை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில் அளக்கச் சொல்லுங்கள். அளவு சரியாக இருந்தால் மட்டும் சென்சாரை மாற்றலாம். குறைவாக இருந்தால் ஆயில் பம்ப்போ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. சென்சாரை மாற்றுவதால் அது தீராது.

இதைப் படிக்கும் கொடுங்கையூர் வாசகருக்கும் ஒரு வேலை சேர்ந்திருக்கிறது. ஆறிய எஞ்சினைப் பார்த்து முடித்ததும், அதே காரை அரை மணி நேரம் ஓட்டி, நன்றாகச் சூடான நிலையில் இரண்டு நிமிடம் ஐடிலிங்கில் நிறுத்தி, ஆயில் விளக்கைப் பார்த்துவிட்டு வாருங்கள்.