கணினி கேள்வி – பதில்: விளம்பரத் தடுப்பான் வேகத்தைக் குறைக்கிறதா?

கேள்வி: 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியில் குரோம் உலாவியைப் பயன்படுத்துகிறேன். மூன்று விளம்பரத் தடுப்பு நீட்சிகளை (உலாவியோடு இணைக்கும் சிறு நிரல்களை) நிறுவிய பிறகு விளம்பரங்கள் நின்றுவிட்டன. பக்கங்களோ நகர மறுக்கின்றன. வேகம் வேண்டுமானால் அந்தரங்கப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டுமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: முதலில் மூன்றில் இரண்டை நீக்கிவிடுங்கள். பெரும்பாலான தடுப்பான்கள் விளம்பரங்களுக்கு ஈஸிலிஸ்ட், கண்காணிப்பு நிரல்களுக்கு ஈஸிபிரைவசி என்ற, எதைத் தடுக்க வேண்டும் என்ற விதிகளைத் தொகுத்த அதே பொதுப் பட்டியல்களையே நம்பியிருக்கின்றன. எனவே மூன்றை நிறுவுவதால் பாதுகாப்பு மும்மடங்காகிவிடாது. ஒரே பட்டியல் மூன்று முறை ஏற்றப்படும், அவ்வளவுதான். தவிர, குரோம் இப்போது ஒவ்வொரு நீட்சிக்கும் 30,000 நிலையான (நீட்சியோடு சேர்ந்தே வரும்) விதிகளுக்கு மட்டுமே உறுதி தருகிறது. அதற்கு மேற்பட்டவற்றை எல்லா நீட்சிகளும் ஒரே பொதுக் கணக்கிலிருந்து பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பதால், உங்களுடைய மூன்றும் ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடுங்கிக்கொண்டிருக்கவும் கூடும்.

பட்டியல் நீண்டால் உலாவி திணறும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஒவ்வொரு முகவரியையும் பல்லாயிரம் விதிகளோடு வரிசையாக ஒப்பிட்டால் அப்படித்தான் ஆகும். ஆனால் தேர்ந்த தடுப்பான்கள் முகவரியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, அத்துண்டுகள் இடம்பெற்ற ஒருசில விதிகளை மட்டுமே எடுத்துப் பார்க்கின்றன. 2019-இல் கோஸ்டரி என்ற தடுப்பானை உருவாக்கும் குழுவினர் பிரபலமான தடுப்பான்களை அளந்தபோது, ஒரு கோரிக்கையை (பக்கம் ஒரு கோப்பை இணையத்திலிருந்து கேட்பதை) அனுமதிப்பதா தடுப்பதா என்று முடிவெடுக்க, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு மில்லிவிநாடிகூடத் தேவைப்படவில்லை. தடுக்கப்பட்ட நிரல் தரவிறங்குவதே இல்லையாதலால், கண்காணிப்பைத் தடுப்பது வேகத்துக்குத் துணையாகவே அமைகிறது.

சுமை கூடுவது பக்கம் வந்து சேர்ந்த பிறகுதான். விளம்பரம் இருந்த வெற்றுக் கட்டங்களைத் தேடித் தேடி மறைக்கும் ‘ஒப்பனை’ விதிகள் கண்ணுக்கு இதமானவை. கண்காணிப்பைத் தடுப்பதில் அவற்றுக்குப் பெரும்பாலும் பங்கில்லை. ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பான், எல்லாத் தளங்களுக்கும் பொதுவான ஒப்பனை விதிகளை இயல்பாகவே ஒதுக்கிவிடுவது இந்தக் காரணத்தால்தான். உங்கள் மடிக்கணினிக்கும் அதே வைத்தியம் பொருந்தும். இரண்டொரு வெற்றுக் கட்டங்கள் கண்ணில் பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும். அந்த இரண்டு நீட்சிகளை நீக்கும் முன்பும் பின்பும் குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால், எந்த நீட்சி எவ்வளவு நினைவகத்தை விழுங்குகிறது என்பது வரிசையாகத் தெரியும்.

கேள்வி: குரோமில் யூபிளாக் ஆரிஜின் முடக்கப்பட்டுவிட்டது. அதற்கு மாற்றாக வந்துள்ள ‘லைட்’ போதுமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: அன்றாட உலாவலுக்குப் போதும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பழைய முறையில் ஒவ்வொரு கோரிக்கையும் நீட்சியின் கையைக் கடந்தே வெளியே சென்றது. 2024 ஜூனில் கூகுள் படிப்படியாகக் கட்டாயமாக்கத் தொடங்கிய, நீட்சிகளுக்கான ‘மேனிஃபெஸ்ட் வி3’ முறையில், நீட்சி தன் விதிகளை முன்கூட்டியே உலாவியிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. தடுக்கும் வேலையை உலாவியே செய்கிறது. நினைவகம் மிச்சமாகிறது. பக்கத்தின் உள்ளடக்கத்தைப் படிக்கும் அனுமதி இல்லாமலேயே கோரிக்கைகளைத் தடுக்க முடிவதும் ஒரு நன்மைதான். கூகுளை எதிர்ப்பவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இழப்பு என்னவென்றால், லைட்டின் பட்டியல்கள் நீட்சியின் புதிய பதிப்போடு சேர்ந்துதான் புதுப்பிக்கப்படுகின்றன. இன்னொரு குறை, சில கண்காணிப்பு நிறுவனங்கள் தளத்தின் சொந்தத் துணைமுகவரி ஒன்றுக்குப் பின்னால் மறைந்துகொள்வதை லைட்டால் கண்டுபிடிக்க முடியாதது. முகவரியைப் பார்த்தால் அந்தத் தளத்தின் பெயரே தெரியும்; அந்தப் பெயர் உண்மையில் எங்கே இட்டுச்செல்கிறது என்று காட்டும் டிஎன்எஸ் பதிவைத் தொடர்ந்து சென்றால்தான் வேறொரு நிறுவனத்தின் வாசலில் போய் நிற்பது புலப்படும். அந்தப் பதிவைக் கேட்டறியும் வசதியை ஃபயர்பாக்ஸ் நீட்சிகளுக்குத் தருகிறது. குரோம் முன்பும் தரவில்லை, இப்போதும் தரவில்லை. அந்தரங்கமே முதன்மை என்று கருதுபவர் ஃபயர்பாக்ஸுக்கு மாறி, முழு யூபிளாக் ஆரிஜினைப் பயன்படுத்தலாம் என்பதே என் கருத்து.

கேள்வி: கண்காணிப்பைத் தடுக்கும் நீட்சியே நம்மைக் கண்காணித்தால்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: நடந்திருக்கிறது. நானோ ஆட்பிளாக்கர், நானோ டிஃபெண்டர் என்ற நீட்சிகள் 2020-இல் கைமாறின. அதே ஆண்டு அக்டோபரில், புதிய உரிமையாளர்கள் சேர்த்த நிரல் பயனரின் தகவல்களை வெளியே அனுப்புவது கண்டறியப்பட்டு, குரோம் அங்காடியிலிருந்து அவை நீக்கப்பட்டன. பயனர்கள் எதையும் புதிதாக நிறுவவில்லை. ஏற்கெனவே இருந்த நீட்சி தானாகப் புதுப்பித்துக்கொண்டது. ஆகவே, பல மாதங்களாகப் பயன்படுத்திவரும் நீட்சி ஒருநாள் திடீரென்று கூடுதல் அனுமதி கேட்டால், ‘சரி’ பொத்தானை அழுத்தும் முன் அதன் உரிமையாளர் மாறியிருக்கிறாரா என்று அங்காடிப் பக்கத்தில் பாருங்கள்.