எடிட்டிங் மேசை: 21 நிமிடப் படத்தை 12 நிமிடமாக்குவது எப்படி?

கேள்வி: அக்கா, விஸ்காம் இறுதியாண்டு படிக்கிறேன். நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து தேவனாம்பட்டினத்தில் ஒரு குறும்படம் எடுத்தோம். இரண்டு செல்போன், தனியாக ஒரு ஆடியோ ரெக்கார்டர். முதலில் தோராயமாக வெட்டி ஒட்டிய ரஃப் கட் 21 நிமிடம் வருகிறது. போட்டிக்கு 12 நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும். எதைத் தூக்குவதென்று தெரியவில்லை. நீளமான ஷாட்களில் வசனம் போகப் போக உதட்டை விட்டு விலகுகிறது. ஷாட் மாறும்போதெல்லாம் அலைச் சத்தம் வேறு குதிக்கிறது. காப்பி அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.
– ஒரு மாணவர், கடலூர்

பதில்: தம்பி, படத்தை இரண்டு முறை பார்த்தேன். அப்பா வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருக்க, கல்லூரியில் இடம் கிடைத்ததை மகன் சொல்கிறானே, அந்தக் காட்சிக்காக மூன்றாவது முறையும் பார்த்தேன். உன் படம் அங்கேதான் இருக்கிறது. மற்றதை வெட்டும்போது அதைக் காப்பாற்றுகிறோமா என்று மட்டும் பார்.

முதலில் சிங்க், அதாவது படமும் ஒலியும் ஒன்றாகப் பொருந்துவது. அது சரியாகாமல் வெட்ட உட்காராதே. ஷாட் தொடங்கும்போது கை தட்டி கிளாப் அடித்த இடத்தில் படத்தையும் ஒலியையும் பொருத்திவிட்டு, அதே டேக்கின் கடைசிக்குப் போய்ப் பார். தொடக்கம் முதல் ஒரே அளவு தள்ளியிருந்தால் பொருத்தியதில்தான் பிழை. தொடக்கத்தில் சரியாக இருந்து கடைசியில் விலகினால், பெரும்பாலும் செல்போன்தான் காரணம். நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படம் என்று வைத்தாலும் பல போன்கள் வெளிச்சம் குறைந்தாலோ சூடேறினாலோ வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்யும். ரெக்கார்டர் அப்படிச் செய்யாது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட் (மாறாத வேகம்) என்று தேர்ந்தெடுத்து, எல்லா கிளிப்பையும் 30-க்கு மாற்று. ஒரிஜினல் ஃபைல்களை அழித்துவிடாதே. அப்புறம் மறுபடி கிளாப்பில் பொருத்து. இரண்டு கைகளும் சேரும் ஃபிரேமும், ஒலிக்கோட்டில் ஊசி போல எழும்பும் இடமும் ஒன்றாக வர வேண்டும். 30-ல் ஒரு ஃபிரேம் என்பது நொடியில் 30-ல் ஒரு பங்குதான். ஆனாலும் மூன்று நான்கு ஃபிரேம் தள்ளினால் உதட்டில் தெரிந்துவிடும்.

இப்போது அந்தக் காட்சி. மகன் பேசும் நேரமெல்லாம் அவன் முகத்தையே வைத்திருக்கிறாய். அவன் முடித்த பிறகுதான் அப்பாவுக்குப் போகிறாய். அதற்குள் அவர் மறுபடி தைக்கத் தொடங்கிவிட்டார். “லெட்டர் வந்திருக்குப்பா” என்றதும் வலைக்கண்ணுக்குள் பாதி நுழைந்த ஊசி அப்படியே நின்றிருக்கும் இல்லையா? அந்த நிற்றலை நாங்கள் பார்க்கவே இல்லை. இரண்டு போனும் சேர்ந்துதான் ஓடின, ஆகவே அது உன்னிடம் இருக்கும். “லெட்டர்” என்ற சொல்லிலேயே படத்தை அப்பாவின் கைக்கு மாற்று. மகனின் குரல் அதன்மேல் ஓடட்டும். எல் கட் என்பது இதுதான். இப்படிச் செய்தால், பிறகு அப்பா தனியாக உட்கார்ந்து யோசிக்கும் ஒன்றரை நிமிடம் தேவைப்படாது. எடுத்துவிடு.

விடியற்கால ஷாட் 50 நொடி இருக்கிறது. 8 நொடி போதும். எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்திருப்பீர்கள் என்று தெரியும். நான் படிக்கும்போது புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஒரு சைக்கிள் ஷாட் எடுத்தோம். காலை ஏழரைக்கு வண்டிகளை விட்டுவிடுவார்கள் என்று நாலு மணிக்கே எழுந்து போனோம். அந்த உழைப்பை நினைத்தே முழு ஒரு நிமிடமும் வைத்தேன். திரையிட்டபோது முன்வரிசையில் ஒவ்வொன்றாக போன் வெளிச்சம் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்துப்போனது. வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடப்பது, டீக்கடை உரையாடல், நண்பனின் கிளைக்கதை இவையும் போகலாம். நண்பனை எடுத்தாலே நாலு நிமிடம் குறையும்.

அலைச் சத்தத்தை நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு அழிக்கப் பார்க்காதே. குரல் குடத்துக்குள் பேசுவது போல ஆகிவிடும். அதே இடத்துக்கு விடியற்காலையில் போ. மதியத்துக்கு மேல் கடற்காற்று மைக்கில் மோதும். படகு எஞ்சின் ஓயும்வரை பொறுத்திரு. அதே ரெக்கார்டரைத் தண்ணீரிலிருந்து அதே தூரத்தில் வைத்து, யாரும் பேசாமல் ஐந்து நிமிடம் பதிவு செய். அதைக் காட்சி முழுவதற்கும் வசனத்துக்கு அடியில் ஒரே துண்டாகப் போடு. வசனத் துண்டுகளின் இரண்டு முனையிலும் நாலைந்து ஃபிரேமுக்கு ஒலி மெல்ல எழுந்து மெல்ல அடங்கும்படி ஃபேடு கொடு. குதிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும்.

கலரும் இசையும் கட் முடிந்த பிறகு.

அப்புறம் ஒன்று. அப்பாவை எடுத்த போனில் “கட்” சொன்ன பிறகும் ஓடிய நொடிகள் இருக்கும், அவற்றையும் பார். ஊசி அங்கே இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருக்கலாம்.